தனம் டீச்சர் வரைந்த மீன்

தனம் டீச்சர் கரும்பலகையில் படம் போடுகிற அழகைப் பார்க்கவென்றே பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் ஜன்னலில் வந்து நிற்பார்கள். பண்ருட்டிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் அவள் அறிவியல் ஆசிரியை. தவளையின் இதயமோ மீனின் செவுளோ, புத்தகத்தைப் புரட்டவே மாட்டாள். பேசிக்கொண்டே, பின்வரிசையில் யார் கொட்டாவி விடுவது என்று ஒரு கண்ணை அங்கேயும் வைத்துக்கொண்டே, சாக்பீஸைப் பலகையிலிருந்து எடுக்காமல் ஒரே இழுப்பில் போட்டு முடிப்பாள். ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருவர், "அச்சடிச்ச மாதிரி இருக்கே டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சொல்லை அவள் பத்திரமாக வைத்திருந்தாள். பாராட்டு என்பது அந்தத் தொழிலில் அடிக்கடி வந்து இறங்குகிற சரக்கு இல்லை.

ஆனால் அப்படிப் போட்ட உயிர்களில் பாதியை அவள் கண்ணால் பார்த்ததே கிடையாது. மறைத்தாள் என்று சொல்ல முடியாது. பார்க்க வேண்டும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. பள்ளியின் மைக்ராஸ்கோப் தலைமையாசிரியர் அறை பீரோவுக்குள் துணி போர்த்திக்கொண்டு இருக்கும். ஆய்வு நாளன்று வெளியே வந்து மேசைமேல் கௌரவமாக உட்கார்ந்துவிட்டு, அதிகாரியின் ஜீப் வாசலைத் தாண்டியதும் மறுபடி உள்ளே போய்விடும். கல்லூரியில் படித்த காலத்திலும் முந்தின வருஷத்து அக்காவின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்துத்தான் படம் போட்டாள். அந்த அக்கா அதற்கு முந்தின அக்காவைப் பார்த்துப் போட்டிருப்பாள். முதல் அக்கா யார், அவளாவது எதையாவது பார்த்தாளா என்பது கடவுளுக்கே வெளிச்சம்.

தனம் பிறந்தது கடலூர் முதுநகரை ஒட்டிய சோனங்குப்பத்தில். அந்த வீட்டில் டிகிரி வாங்கிய முதல் ஆள் அவள்தான். அண்ணன் பூவராகன் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். அந்தப் பக்கத்தில் அதை லாஞ்சு என்பார்கள். கணவர் பாண்டியன் மஞ்சக்குப்பத்தில் செல்போன் கடை வைத்திருக்கிறார். பெண் பிள்ளைகள் இருவரும் வளர்ந்துவிட்டார்கள். இதற்கு நடுவில் ஒரு முதுகலைப் பட்டம் வாங்கிவிட வேண்டும் என்கிற பிடிவாதம் அவளுக்குள் வெகுநாளாக உட்கார்ந்திருந்தது. வேலையில் இருக்கும் ஆசிரியர்களுக்காகக் கோடை விடுமுறையில் மட்டும் நடக்கிற படிப்பு ஒன்று சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் இருந்தது. சேர்ந்தாள். மாமியார் படுக்கையில் விழுந்த கோடை போயிற்று. கொரோனா வந்த கோடைகளும் போயின. இந்த மே மாதத்தோடு அவளுடைய பதிவு காலாவதியாகிறது. பாக்கி இருந்தது ஒரே ஒரு விருப்பப் பாடம். அதில் தேறினால் பட்டம். தவறினால் இத்தனை கோடையும் வெயிலில் அலைந்ததுதான் மிச்சம்.

விருப்பப் பாடங்களில் புள்ளியியல் இருந்தது, தாவர நோய்கள் இருந்தது. தனம் யோசிக்காமல் 'கடலின் மிதவை உயிர்கள்' என்பதில் பெயர் கொடுத்தாள். கடல்தானே, நமக்குத் தெரியாததா என்று நினைப்பு. காட்டுமன்னார்கோயிலிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து படித்த உத்திராபதி சாரும் அதையே எடுத்துக்கொண்டார். "நீங்க கடலோரத்து ஆளு டீச்சர். உங்க பக்கத்துல ஒக்காந்தாலே பாஸ் பண்ணிடலாம்" என்று வாய்விட்டே சொன்னார்.

ஆசிரியர்களை மாணவர்களாக உட்கார வைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. பாடம் நடத்த வந்த இலக்கியா மேடம் தனத்தின் மூத்த பெண்ணைவிடக் கொஞ்சம்தான் பெரியவர். அவர் உள்ளே நுழைவதற்குள் யாரோ கரும்பலகையைத் துடைத்துத் தேதி போட்டிருப்பார்கள். இன்னொருவர் வருகைப் பதிவு எடுத்து முடித்திருப்பார். கேள்வி கேட்டால் பாடப்புத்தகத்து வரையறையை எல்லோரும் சேர்ந்து ராகத்தோடு ஒப்பிப்பார்கள். எங்காவது குசுகுசுவென்று சத்தம் கேட்டால் உத்திராபதி சார் தன்னை மறந்து, "யாரது அங்க பேச்சு?" என்று திரும்புவார். 'தெரியாது' என்கிற சொல் மட்டும் அந்த அறையில் கேட்காது. வகுப்பில் அதைச் சொன்னால் பிள்ளைகள் மதிக்காது என்று பயிற்சிக் காலத்திலேயே எல்லோருக்கும் ஊசி போட்டு அனுப்பியிருக்கிறார்களே.

முதல் செய்முறை வகுப்பில் மேடம் ஒரே ஒரு மைக்ராஸ்கோப்பை வைத்தார். அதில் குருணை அரிசியைவிடச் சிறிய, இறால் ஜாதியில் சேர்த்தியான ஒரு பூச்சி. பாடப்புத்தகத்திலும் இருக்கிற ஒன்றுதான். வரிசையாக வந்து பார்த்து, பார்த்ததை வரைய வேண்டும். தனம் கண்ணை வைத்தாள், எடுத்தாள், "ஓ, இதுவா" என்றாள், இடத்துக்குப் போய் எல்லோருக்கும் முன்னால் படத்தை முடித்தாள். ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்துப் பாகங்களும் குறித்தாயிற்று.

மேடம் படங்களையெல்லாம் புரட்டிப் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை.

"எல்லாரும் ரொம்ப அழகா போட்டிருக்கீங்க. ஆனா இந்தப் பூச்சிக்கு ஒரு பக்கத்து மீசை ஒடைஞ்சு போயிருக்கு. வேணும்னுதான் அதை வச்சேன். ஒருத்தர் விடாம ரெண்டு மீசையும் போட்டிருக்கீங்க."

மேடம் தனத்தின் படத்தைத் தனியாக எடுத்தார்.

"டீச்சர், நீங்க முட்டைப் பையும் போட்டிருக்கீங்க. இது ஆண்."

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கிற தகுதி அங்கே யாருக்கும் இல்லை. தனத்துக்குக் காது மடல் வரைக்கும் சுட்டது.

அன்றைக்கே மேடம் நிபந்தனையைச் சொல்லிவிட்டார். கடைசி வாரம் ஒவ்வொருவரும் உயிருள்ள ஒன்றைப் பார்த்து ஒரே ஒரு படம் போட வேண்டும். பார்த்தது மட்டும்தான் இருக்கலாம். பார்க்காத ஒரு கோடு இருந்தாலும் தேர்ச்சி கிடையாது. அதை வைத்துத்தான் வெளியூரிலிருந்து வருகிற தேர்வாளர் வாய்மொழித் தேர்வு நடத்துவார். தேர்வு முடிகிறவரை அந்த உயிரைப் பற்றிப் புத்தகத்திலும் தேடக் கூடாது, போனிலும் தேடக் கூடாது.

தனம் தினமும் கடலூரிலிருந்து முதல் ஆளாக வந்து பழகிப் பார்த்தாள். என்ன செய்தாலும் கை முந்திக்கொண்டது. கண் பாதி பார்ப்பதற்குள் பென்சில் மீதியைப் போட்டு முடித்துவிடும். எத்தனையோ வருஷமாக ஊர் மெச்சிய கை, இப்போது அவள் சொல்பேச்சே கேட்கவில்லை. மேடம் அவள் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "உங்க கைக்கு எல்லாம் தெரியும் டீச்சர். அதான் பிரச்சன" என்றார். வீட்டில் அடுப்படியில் நின்று அதை நினைத்தபோது தனத்துக்கு அழுகை வந்தது. பட்டம் கைநழுவப் போகிறது என்று அவள் உறுதியாக நம்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போனாள். தடைக்காலம், லாஞ்சுகள் எல்லாம் கரையோரம் கட்டிக் கிடந்தன. மீன்கள் முட்டையிடும் காலம் என்று வருஷா வருஷம் அரசாங்கம் விசைப்படகுகளை நிறுத்தி வைக்கிற மாதங்கள் அவை. பூவராகன் பெயின்ட் டப்பாவும் கையுமாக நின்றார். சும்மா இருக்கிற ஆண்பிள்ளைகளுக்கு வருகிற கோபம் அவருக்கும் வந்திருந்தது.

"மீனு முட்ட வுடுதாம், நாம கரையில குந்தியிருக்கணுமாம். எவன் பாத்தான்? ஆபீசுல ஃபேனுக்குக் கீழ ஒக்காந்து எழுதனவன் பாத்தானா? நீ டீச்சரு, புள்ளைங்களுக்கு நடத்துற. நீ பாத்தியா?"

தடைக்காலம் எவ்வளவு அவசியம் என்று பள்ளியில் நடத்துகிறவளும் அவள்தான். அதே வாரம் இங்கே வந்து அண்ணனோடு சேர்ந்து அதைத் திட்டுகிறவளும் அவள்தான். இரண்டுக்கும் சேர்த்து அவளிடம் ஒரு சாட்சியும் இல்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

கடைசி வாரம் மேடம் எல்லோரையும் பரங்கிப்பேட்டைக்கு அழைத்துப் போனார். வெள்ளாறு கடலில் கலக்கிற இடத்துக்குக் காலையிலேயே தடைக்கு உட்படாத ஒரு சின்னப் படகில் போனார்கள். உத்திராபதி சார் லைஃப் ஜாக்கெட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "வீராணம் ஏரியிலயே நான் எறங்கனதில்ல டீச்சர்" என்றார். தனம் படகின் ஓரத்தில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்குத் தெரிந்த விஷயம் என்று அங்கே மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். பட்டுத்துணிபோல் மெல்லிய ஒரு கூம்பு வலையைத் தண்ணீரில் விட்டு மெல்ல இழுத்தார்கள். வலையின் அடியில் ஒரு சின்ன பாட்டில். மேலே எடுத்தபோது அதில் கஞ்சித் தண்ணீர் மாதிரி ஏதோ கலங்கலாக இருந்தது. இதையா பிடிக்க வந்தோம் என்று அண்ணன் கேட்டால் என்ன சொல்வது என்று தனம் நினைத்துக்கொண்டாள்.

கல்லூரிக்குத் திரும்பியதும் அந்தத் தண்ணீரில் சில சொட்டுகளை ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் விட்டு மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்தாள். கண்ணைக் கொண்டுபோனாள். முதலில் வெறும் வெளிச்சம். திருகைத் திருப்பத் திருப்ப வெளிச்சம் முழுக்க அசைய ஆரம்பித்தது.

முதுகில் முள் நீட்டிக்கொண்டு ஒன்று குட்டிக்கரணம் போட்டது. கண்ணாடி மணி கோத்த சரம்போல் ஒன்று நகர்ந்தது. உடம்பு முழுவதும் தெரியும்படி ஒன்று படுத்திருந்து, திடீரென்று காணாமல் போனது. எல்லாம் உயிர். ஒரு பாட்டில் மூடி அளவுத் தண்ணீரில் இடம் போதாமல் இடித்துக்கொண்டு திரிகிற உயிர். பிறந்ததிலிருந்து இதில்தான் கால் நனைத்தாள். இதைத்தான் வெறும் தண்ணீர் என்று சொல்லி வாளியில் மொண்டு படகு கழுவினார்கள். தனத்துக்கு மூச்சு விடவே பயமாக இருந்தது.

ஓரத்தில் ஓர் உருண்டை அசையாமல் நின்றது. காற்றுக் குமிழி என்று கடந்து போகப் பார்த்தாள். குமிழிக்குள் ஏதோ சுருண்டு படுத்திருந்தது. தலை இருந்தது. கறுப்பே ஏறாத கண் இருந்தது. அந்தத் தலைக்குக் கீழே ஊசிமுனை அளவு இடம் மட்டும் விடாமல் சுருங்கிச் சுருங்கி விரிந்துகொண்டிருந்தது. அது மீன் முட்டை, துடிப்பது இதயம் என்று புரிய அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது. மீனின் இதயத்தை அவள் எத்தனையோ தடவை கரும்பலகையில் போட்டிருக்கிறாள். அவள் போட்ட ஒன்றாவது துடித்ததில்லை.

மேடத்தைக் கூப்பிட நினைத்தாள். கண்ணை எடுக்க மனம் வரவில்லை. கும்பிட வேண்டும் போல இருந்தது. யாரைக் கும்பிடுவது என்று தெரியவில்லை.

சாப்பாட்டு வேளை வந்தது, எல்லோரும் கீழ வீதி ஓட்டலுக்குப் போனார்கள். தனம் எழுந்திருக்கவில்லை. நடுநடுவே புதுத் தண்ணீர் ஒரு சொட்டு விடுவாள், மறுபடி குனிவாள். பிற்பகலில் உருண்டைக்குள் இருந்தது உதறத் தொடங்கியது. உதறும், ஓயும். ஓயும்போதெல்லாம் செத்துவிட்டதோ என்று இவளுக்குப் பதறும். மூத்தவளைப் பெற்ற அன்று அடிவயிற்றில் வந்து வந்து போன வலி ஞாபகம் வந்தது. கடைசியில் ஓர் உதறலில் சவ்வு கிழிந்தது. அது வெளியே வந்து விழுந்தது.

வந்ததும் மல்லாந்துகொண்டது. மஞ்சள் கருப் பையை வயிற்றில் கட்டிக்கொண்டு, அந்தப் பை மேலேயும் முதுகு கீழேயுமாக மிதந்தது. பாடப்புத்தகத்தில் எந்த மீனும் இப்படி மிதந்ததில்லை. செத்துவிட்டது என்றுதான் நினைத்தாள். இதயம் மட்டும் துடித்துக்கொண்டே இருந்தது. பிறகு வாலை ஒரு சுழற்று சுழற்றி இடம் மாறி, மறுபடி மல்லாந்தது. தனம் சத்தம் போடாமல் அழுதாள். மைக்ராஸ்கோப்பில் கண்ணீர் பட்டுவிடக் கூடாதே என்று முந்தானையால் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தாள்.

அப்புறம்தான் பென்சிலை எடுத்தாள். இந்த மீனைக் கைக்குத் தெரியாது. அதனால் கை காத்திருந்தது. பார்த்தாள், ஒரு கோடு போட்டாள், மறுபடி பார்த்தாள். தலைக்கு வந்தபோது மட்டும் பழைய கை முழித்துக்கொண்டு வாயைப் போடப் போனது. பிடித்து நிறுத்திவிட்டு, வாயைத் தேடினாள். குஞ்சு அந்தப் பக்கம் திரும்பும்வரை காத்திருந்து தேடினாள், இந்தப் பக்கம் திரும்பியதும் தேடினாள். வாய் இல்லை. இல்லாமல் எப்படி இருக்கும் என்று குழப்பமாகத்தான் இருந்தது. இல்லாததால் போடவில்லை. கிண்ணத்துத் தண்ணீரையெல்லாம் மேடம் சேர்த்து, ஆற்றிலேயே கொண்டுபோய் விடச் சொல்லி ஆள் அனுப்பிவிட்டார்.

வீடு திரும்பும் பஸ் பி.முட்லூரைத் தாண்டும்போது அண்ணனுக்குப் போன் பண்ணினாள்.

"அண்ணே, நான் பாத்துட்டேன்."

"என்னத்த?"

"மீனு பொறக்கறத."

பூவராகன், "எத்தினி இருந்திச்சி?" என்றார்.

"ஒரு மூடித் தண்ணியிலயே எண்ண முடியல அண்ணே. மீனு, நண்டு, என்னென்னமோ. கண்ணுக்குத் தெரியாம எல்லாம் அதுலதான் இருக்கு."

"அப்ப நாங்க லாஞ்சு ஓட்ற தண்ணி பூரா..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. "சரி, நீ சாப்டியா?" என்று கேட்டார். அவருக்கு நம்பிக்கை வந்துவிட்டது என்று தனத்துக்குத் தெரிந்தது.

மறுநாள் வாய்மொழித் தேர்வு. இரவெல்லாம் அந்த வாய்தான் அவளை உறுத்தியது. ஒருவேளை இருந்து, நமக்குத்தான் தெரியவில்லையோ? போன் தலைமாட்டிலேயே இருந்தது. தேடிப் பார்க்க விரல் துறுதுறுத்தது. மேடம் நம்பிச் சொன்ன வார்த்தைக்காகத் தொடாமல் கிடந்தாள்.

தேர்வாளர் பெயர் பொன்னுரங்கம். வயதானவர், கண்டிப்பானவர் என்று காலையிலேயே செய்தி பரவியிருந்தது. தனம் உள்ளே போய் உட்கார்ந்ததும் படத்தை வாங்கி, கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

"என்னம்மா இது?"

"மீன் குஞ்சு சார். பொரிஞ்ச ஒடனே."

"என்ன மீன்?"

சாளை என்று சொல்லலாம், நெத்திலி என்று சொல்லலாம். அவளுக்கா மீன் பேருக்குப் பஞ்சம்? வாய் வரைக்கும் வந்ததை நிறுத்திக்கொண்டாள். "தெரியல சார்" என்றாள். சொல்லிவிட்டு, கூரை இடிந்து விழாததை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"ஏன் மல்லாந்து கெடக்கு? செத்ததா?"

"உயிரோடதான் சார் இருந்திச்சி. இப்பிடித்தான் மெதந்திச்சி."

"வாய் எங்க?"

"வாய் இல்ல சார்."

பொன்னுரங்கம் நிமிர்ந்து பார்த்தார். "வாய் இல்லாத மீனா? உங்கள கடலோரத்து ஆளுன்னு சொன்னாங்களே. மறந்துட்டீங்க போலிருக்கு. பரவால்ல, பென்சில் இருக்கில்ல? போட்டுக் குடுங்க, கையெழுத்து போட்டுடறேன்."

படத்தைத் தள்ளி வைத்தார். சின்னதாக ஒரு வளைவு, அவ்வளவுதான். கண்ணை மூடிக்கொண்டு போடுவாள். அதைப் போட்டால் இத்தனை கோடைக்கும் ஒரு முடிவு வந்துவிடும், பட்டம் கைக்கு வந்துவிடும். பெரியவர் சொல்கிறார், அவருக்குத் தெரியாதா? பென்சில் முனை காகிதத்தைத் தொட்டது. தொட்ட இடத்தில் அந்தக் குஞ்சு மெல்லத் திரும்பி முகம் காட்டியது அவளுக்கு அப்படியே தெரிந்தது. பளிங்கு மாதிரி வழுவழுப்பாக, ஒரு கீறல்கூட இல்லாத முகம். தனம் பென்சிலைக் கீழே வைத்தாள்.

"மன்னிச்சிக்குங்க சார். ரொம்ப நேரம் தேடிப் பாத்தேன். அதுக்கு வாய் இல்ல. இல்லாதத என்னால போட முடியாது. ஃபெயில்னா ஃபெயிலே போட்டுக்குங்க."

பொன்னுரங்கம் பேனாவைத் திறந்தார். படத்தின் அடியில் கையெழுத்துப் போட்டார். தலையை நிமிர்த்தாமலே பேசினார்.

"பொறக்கறப்ப அதுக்கு வாய் கெடையாதும்மா. மஞ்சக்கரு தீர்ற வரைக்கும் தேவையில்ல. தீரப் போறப்பதான் தொறக்கும். எந்த ஊருக்குப் போனாலும் இதக் கேக்கறேன். சொன்ன ஒடனே வாயப் போட்டுக் குடுத்துருவாங்க. போய் அடுத்த ஆள வரச் சொல்லுங்க."

வெளியே வரும்போது பாஸாகிவிட்டோம் என்பது தனத்தின் மனதில் இறங்கவே இல்லை. தின்ன வாயில்லாமல், நிமிர்ந்து நீந்தத் தெரியாமல், ஒரு துடிப்பை மட்டும் வைத்துக்கொண்டு இவ்வளவு பெரிய கடலில் வந்து பிறக்கிறதே என்றுதான் மறுபடி மறுபடி நினைத்தாள்.

வாசலில் உத்திராபதி சார் தன் படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தார். அவர் வரைந்தது நண்டுக் குஞ்சு. தேர்வறையிலிருந்து வருகிறவரை மடக்கிக் கேள்வியைக் கறப்பது எல்லா ஊர் மாணவருக்கும் உள்ள வழக்கம்தான். வாத்தியாராக இருந்தால் மட்டும் போய்விடுமா?

"என்ன டீச்சர் கேட்டாரு?"

"என்ன பாத்தீங்கன்னு கேட்டாரு சார்."

"சரி, அதுக்கு என்ன பதில்?" அவர் பேனாவை எடுத்து உள்ளங்கையில் எழுதிக்கொள்ளத் தயாராகிவிட்டார்.

தனம் அவரைப் பார்த்தாள். அவருக்குச் சொல்லிக்கொடுக்க அவளிடம் ஒன்றும் இல்லை.

"அது உங்களுக்குத்தான் சார் தெரியும்."

உத்திராபதி சார் பேனாவை மூடினார். தன் நண்டைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு பைக்குள் கையை விட்டு ரப்பரைத் தேடினார்.